கண்டிச் சீமையில் கங்காணி கணக்கைத் தட்டிக்கேட்டவர்: யார் இந்த கோ.நடேசய்யர்?

சிவகிரி பக்கம் வெளிநாட்டு வேலை என்று பேச்செடுத்தால் இன்றைக்கு துபாய், மஸ்கட், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். நூறு வருஷத்துக்கு முன்பு முதலில் வந்து விழும் பெயர் ஒன்றுதான், கண்டிச் சீமை. இலங்கை என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். தேயிலைத் தோட்டம் இருக்கிற மலைநாடு முழுக்க அவர்களுக்குக் கண்டிதான்.

இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த சென்னை மாகாண மாவட்டங்களில் அன்றைய திருநெல்வேலியும் ஒன்று. திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், தஞ்சாவூர் என அந்தப் பட்டியல் நீளும். சங்கரன்கோவில் தாலுகாவில் அப்போது சிவகிரி ஒரு ஜமீன் ஊர். மேற்கே மலை, கிழக்கே கரிசல். மழை ஒழுங்காகப் பெய்தால் வேலை உண்டு, பொய்த்தால் கடன்தான். இப்படிப்பட்ட ஊர்களைத் தேடித்தான் ஆள் பிடிக்கிறவர்கள் வருவார்கள்.

அப்படிப் போனவர்களுக்கு அங்கே என்ன சம்பளம், எதற்குப் பிடித்தம், வேலை பிடிக்காவிட்டால் வேறு இடம் போகலாமா, போனால் போலீஸ் பிடிக்குமா என்பதெல்லாம் தெரியாது. இதையெல்லாம் பத்திரிகையில் எழுதி, மேடையில் பேசி, சட்டசபையில் கேள்வியாகக் கேட்டு, கடைசியில் தொழிற்சங்கமும் கட்டிய ஒரு தஞ்சாவூர்க்காரரின் கதைதான் இது. பெயர் கோதண்டராம நடேசய்யர். மலையகத் தமிழர்கள் மத்தியில் பெரிய பெயர். தமிழ்நாட்டில்தான் பலருக்குத் தெரியாது.

கடனோடு தொடங்கும் வேலை

நடேசய்யர் எதை எதிர்த்தார் என்று புரிய வேண்டுமானால், முதலில் கங்காணி முறையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

1820களுக்குப் பிறகு இலங்கை மலைப்பகுதியில் ஆங்கிலேயர்கள் காப்பி பயிரிட்டார்கள். பிறகு இலைநோய் வந்து காப்பி அழிந்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக்கினார். காப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு வருஷம் பூராவும் ஆள் வேண்டும். அதனால் தனியாளாகப் போய்த் திரும்பியவர்கள் போய், குடும்பம் குடும்பமாகப் போகும் நிலை வந்தது.

ஆளுக்கு எங்கே போவது? தோட்டத் துரை ஒரு கங்காணியிடம் பணம் கொடுத்து அவனுடைய சொந்த ஊருக்கே அனுப்புவார். கங்காணி வெளியாள் கிடையாது. மாமன், மச்சான், பக்கத்துத் தெருக்காரன் என்று ஏதோ ஒரு உறவுமுறையில் இருப்பான். நல்ல வேட்டி கட்டி, கையில் காசோடு ஊருக்குள் வந்து நிற்பான். அங்கே போனால் பிழைச்சுக்கலாம் என்று அவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்? நோட்டீஸ் ஒட்டி ஆள் எடுக்கும் கம்பெனியைவிட இவன் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

ஊரில் இருக்கும் பழைய கடனைத் தீர்க்க, வழிச் செலவுக்கு, துணிமணிக்கு என்று கங்காணி முன்பணம் கொடுப்பான். அந்த முன்பணம் முழுவதும் தொழிலாளி பெயரில் கடனாக ஏறும். வழியில் வாங்கித் தந்த சாப்பாடும் கணக்கில் சேரும். கணக்கு எழுதுவது கங்காணி, கையெழுத்துப் போடத் தெரியாமல் கைநாட்டு வைப்பது தொழிலாளி. தோட்டத்தில் கால் வைக்கும் முதல் நாளிலேயே ஆள் கடன்காரன்.

போகும் வழியும் சாதாரணமானதில்லை. ஆரம்ப காலத்தில் ராமேஸ்வரம் பக்கமிருந்து படகில் மன்னார், அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சில்லு ஒன்றைத் தொழிலாளியிடம் கொடுத்துவிடும் ஏற்பாடு வந்தது. அந்தச் சில்லைக் காட்டினால் போதும், எந்தத் தோட்டத்துக்குச் சேர வேண்டிய ஆள் என்று தெரிந்துவிடும். பார்சலில் விலாசம் எழுதுவது மாதிரிதான். 1914-ல் தனுஷ்கோடி, தலைமன்னார் கப்பல் போக்குவரத்து வந்தபிறகு மண்டபம் முகாம் வழியாகக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். முகாமில் சில நாள் நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்து, பிறகு கப்பலேற்றுவார்கள்.

துண்டு என்றால் என்ன?

இந்த வார்த்தையைத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

ஒரு தோட்டத்தில் வேலை செய்பவர் இன்னொரு தோட்டத்துக்கு மாற நினைத்தால், பழைய தோட்டம் ஒரு சீட்டு தர வேண்டும். இந்த ஆளுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதை அடைக்கிறவர் இவரை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்தச் சீட்டின் சாரம். அதற்குத்தான் துண்டு என்று பெயர். புதுத் தோட்டம் அந்தக் கடனை அடைத்து ஆளை எடுக்கும். அடைத்த பணம் மறுபடி தொழிலாளி தலையில் ஏறும். ஆளுக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் கங்காணிகள் தங்கள் ஆட்களோடு தோட்டம் மாறி, ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் தொகையைக் கூட்டி, லாபம் பார்த்தார்கள். உழைத்தவன் பெயரில் கடன் ஏறியது, காசு வேறு கைக்குப் போனது.

துண்டு இல்லாமல் வெளியேறினால்? இலங்கையில் 1865-ல் வந்த தொழிலாளர் சட்டப்படி, சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப்போவது குற்றம். கோர்ட்டு, அபராதம், சிறை எல்லாம் உண்டு. அதாவது வேலை ஒப்பந்தத்தை மீறினால் சிவில் வழக்கு இல்லை, கிரிமினல் வழக்கு.

வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்டமாதிரி இருக்கும். முதலாளியிடம் என்.ஓ.சி. வாங்கினால்தான் வேறு கம்பெனிக்கு மாறலாம் என்ற விதியைக் கத்தார் 2020-ல்தான் நீக்கியது. காலமும் ஊரும் வேறு. ஆனால் ஆளைக் கட்டிப்போடும் வித்தை அதேதான்.

இலங்கையில் இந்தத் தண்டனை முறைக்கு எதிராக முதலில் பலமாகக் குரல் கொடுத்தவர் சர் பொன்னம்பலம் அருணாசலம். அவரும் இந்தியாவில் எழுந்த எதிர்ப்பும் சேர்ந்து அழுத்தம் தர, 1921-ல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் சிறைத் தண்டனை விதிகளும் போயின. 1922-ல் இந்தியா புதிய குடியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் கண்டியில் உட்கார்ந்தார்.

காகிதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் கொழும்பில் போட்ட சட்டம் மலை உச்சியில் இருக்கும் லயத்துக்கு எப்படிப் போய்ச் சேரும்? இந்த இடத்தில்தான் நடேசய்யர் வருகிறார்.

கணக்குப் புத்தகம் எழுதியவர்

1887 ஜனவரி 14-ல் பிறந்தவர். தஞ்சாவூர்க்காரர். ஆரம்பத்தில் அவருக்கும் தொழிலாளர் இயக்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவருடைய ஆர்வமெல்லாம் வியாபாரத்தில்தான். வர்த்தகமித்திரன் என்று வணிகர்களுக்கான பத்திரிகை நடத்தினார். இன்ஷூரன்ஸ் பற்றி, ஆயில் எஞ்சின் பற்றி, கணக்குப் பதிவு பற்றியெல்லாம் தமிழில் புத்தகம் எழுதினார். நம்மாட்கள் வியாபாரத்தை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பு.

பின்னாளில் நடந்ததைப் பார்க்கும்போது இந்தக் கணக்குப் புத்தக விஷயம் சின்னதாகத் தெரியவில்லை. சுரண்டல் என்று மேடையில் முழங்குவது யாராலும் முடியும். சம்பளத் தாளை வாங்கிப் பார்த்து, இந்தப் பிடித்தம் எதற்கு, இந்த அரிசிக்கு ஏன் இந்த விலை, இந்த நாளுக்கு ஏன் பாதிப் பேர் என்று கேட்க, கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும்.

1915 வாக்கில் பத்திரிகை வேலையாகத்தான் முதலில் இலங்கை போனார். அங்குள்ள இந்திய வணிகர்களைச் சந்திப்பது நோக்கம். போன இடத்தில் தோட்டத்துத் தமிழர்களின் நிலை காதில் விழுந்தது. நேரில் பார்க்கலாம் என்றால் உள்ளே விட மாட்டார்கள். தோட்டம் தனியார் சொத்து. அனுமதி இல்லாமல் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. தொழிலாளியின் சொந்தக்காரனே லயத்துக்கு வந்து தங்கினாலும் துரைக்குத் தெரிய வேண்டும் என்ற நிலை.

நடேசய்யர் கண்டுபிடித்த வழி, புடவை வியாபாரி வேஷம். துணி மூட்டையோடு வருகிறவனைத் தோட்டக் காவல் அதிகம் கண்டுகொள்ளாது. அப்படி லயங்களுக்குள் போய், தொழிலாளர்களிடம் பேசி, விவரம் சேகரித்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மலையகத்தில் இன்றும் சொல்லப்படும் கதை இது. பிறகு தோட்டத் துரைமார் ஆட்சி பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலும் எழுதினார்.

லயத்தில் அவர் பார்த்தது என்ன?

விடியுமுன் தப்பு அடிப்பார்கள். பிரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்தால் அன்றைய வேலை இல்லை என்று திருப்பி அனுப்பலாம். பெண்கள் கொழுந்து பறிக்க மலை ஏறுவார்கள், ஆண்கள் கவ்வாத்து வெட்டவும் கான் வெட்டவும் போவார்கள். மாலையில் கொழுந்தை நிறுக்கும்போது குறித்த றாத்தல் இல்லையென்றால் அரைப் பேர். முழு நாள் வேலை செய்தாலும் பாதிச் சம்பளம்தான் செக்ரோலில் விழும்.

இருப்பிடம் லயம். நீளமாக ஒரு கட்டடம், அதில் வரிசையாகச் சிறு சிறு அறைகள். ஒரு அறை ஒரு குடும்பம், சில சமயம் இரண்டு குடும்பம். அந்த அறை வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் அறையும் போச்சு. தோட்டத்தை விட்டு அனுப்பக் கொடுக்கும் சீட்டுக்குப் பற்றுச்சீட்டு என்று பெயர், பேச்சுவழக்கில் பத்துச்சீட்டு. அது கையில் கிடைத்த குடும்பத்துக்கு அன்றிரவு தலைசாய்க்க இடம் கிடையாது. சம்பளம் குறைவு என்று வாய் திறக்க ஏன் பயந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

இதில் கங்காணியின் வருமானம் எப்படி வந்தது தெரியுமா? தன் கீழுள்ள ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்குகிறார்களோ, தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் காசு. இதைப் பென்ஸ் காசு என்பார்கள். எனவே காய்ச்சலில் படுத்தவனையும் எழுப்பி வேலைக்கு விரட்டுவதில் அவனுக்கு லாபம் இருந்தது. பெரிய கங்காணி, அவனுக்குக் கீழே சில்லறைக் கங்காணி என்று படிநிலை வேறு. பெரிய கங்காணிகளில் சிலர் கடையும் வைத்திருந்தார்கள், வட்டிக்கும் விட்டார்கள். முன்பணம் கொடுத்தவனே மேஸ்திரி, அவனே கடைக்காரன், அவனே பஞ்சாயத்துத் தலைவன்.

பத்திரிகை, சட்டசபை, சண்டை

1920 வாக்கில் நடேசய்யர் கொழும்பில் நிரந்தரமாகத் தங்கினார். 1921-ல் தேசநேசன் பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பு. 1924-ல் தேசபக்தன். இடையில் ஆங்கிலத்தில் சிட்டிசன் என்ற இதழும் நடத்தினார். தமிழில் எழுதியது தொழிலாளிக்கும் அவர்களுக்குப் படித்துக் காட்டக்கூடியவர்களுக்கும். ஆங்கிலத்தில் எழுதியது அரசாங்கம் படிக்கட்டும் என்பதற்காக. தோட்டத்தின் பெயரைப் போட்டு, நடந்ததைப் போட்டு எழுதினார். துரைமார்களுக்கு எரிச்சல். இவரை நாடு கடத்த வேண்டும் என்ற பேச்சுக்கூட எழுந்தது. போலீஸ் அவருடைய நடமாட்டத்தைக் கண்காணித்தது.

கொழும்பில் அப்போது தொழிற்சங்க இயக்கத்தின் முன்னணித் தலைவர் ஏ.ஈ.குணசிங்க. அவரோடு சேர்ந்து இலங்கைத் தொழிலாளர் சங்கத்தில் நடேசய்யர் துணைத் தலைவராக இருந்தார். சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே கொடியின் கீழ் நின்ற நாட்கள் அவை. அந்த ஒற்றுமை ரொம்ப நாள் நிலைக்கவில்லை. 1920களின் கடைசியில் இருவரும் பிரிந்தார்கள். பொருளாதார மந்தம் வந்து வேலை சுருங்கியதும் குணசிங்க இந்தியத் தொழிலாளர்களுக்கு எதிராகவே பிரசாரம் செய்யத் தொடங்கினார். நம் வேலையை வெளியூர்க்காரன் பறிக்கிறான் என்ற பேச்சு எந்த நாட்டிலும் இப்படித்தான் கிளம்பும். ஊதியம் குறையும்போது கோபம் முதலாளியை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவன் மேல் திரும்பும்.

1925-ல் நடந்த இடைத்தேர்தலில் வென்று, இந்தியர்களின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்குள் நுழைந்தார் நடேசய்யர். 1931 வரை அங்கே இருந்தார். 1921 மக்கள்தொகைக் கணக்கின்படி இலங்கையில் இந்தியத் தமிழர்கள் சுமார் 6 லட்சம் பேர். தோட்டத்து லயத்தில் கிடந்த மக்களின் சங்கதியை அந்தச் சபையில் எழுப்ப ஒரு ஆள் கிடைத்தார்.

54 காசு, 43 காசு, 32 காசு

அவர் சபையில் இருந்த காலத்தில் வந்த முக்கியமான சட்டம், 1927-ன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம். இந்தியத் தொழிலாளர்களுக்காகவே போடப்பட்டது. இந்திய அரசு விடாமல் கேட்டதால் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நடைமுறைக்கு வந்தது 1929 தொடக்கத்தில்.

மலை உச்சித் தோட்டங்களில் ஆணுக்கு நாளுக்கு 54 காசு. பெண்ணுக்கு 43 காசு. சிறுவர்களுக்கு 32 காசு. இடைநாட்டிலும் தாழ்நாட்டிலும் இதைவிடச் சற்றுக் குறைவு. வேலை நேரம் சாப்பாட்டு இடைவேளை உட்பட 9 மணி நேரம். குறித்த விலையில் அரிசி தர வேண்டும்.

கொழுந்து பறித்துத் தோட்டத்தின் வருமானத்தை ஈட்டித் தந்தது பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு ஆணைவிட 11 காசு குறைவு. சட்டமே அப்படி எழுதியது. சிறுவர் சம்பளம் என்று ஒரு வரி சட்டத்தில் இருந்ததையும் கவனிக்க வேண்டும். பிள்ளைகளும் மலைக்குப் போனார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

நடேசய்யர் இந்தத் தொகை போதாது என்ற பக்கம் நின்றார். ஆனாலும் ஒரு விஷயம் மாறியது. அதுவரை சம்பளம் என்பது கங்காணி சொல்வது. இனிமேல் அது அரசிதழில் அச்சான எண். அந்த எண்ணைத் தொழிலாளியிடம் கொண்டு சேர்ப்பதுதான் மிச்சமிருந்த வேலை. எழுத்தறிவு இல்லாத மக்களிடம் எப்படிச் சேர்ப்பது?

மீனாட்சி அம்மையின் பாட்டு

இதில் நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மையின் பங்கு பெரிது. வெறும் துணையாக இருந்தவர் இல்லை. பத்திரிகை வேலை பார்த்தார், மேடையேறினார், பாடினார். தொழிலாளர் துயரங்களைச் சிந்து மெட்டில் எழுதி, இந்தியத் தொழிலாளர் துயரச் சிந்து என்ற சிறு பாட்டுப் புத்தகமாகக் கொண்டுவந்தார். ஒரு கூட்டத்தில் சட்டப் பிரிவு எண்ணைச் சொன்னால் யாருக்கும் மனதில் நிற்காது. தெரிந்த மெட்டில் பாடினால் அடுத்த நாள் கொழுந்து மலையில் அந்தப் பாட்டு கேட்கும். பொதுக் கூட்டங்களில் பெண்கள் பேசுவதே அரிதான காலத்தில், மலைநாட்டு ஊர்களில் ஒரு பெண் மேடையில் நின்று சம்பளத்தைப் பற்றிப் பாடினார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

நடேசய்யரும் இந்த வேலையை எழுத்தில் செய்தார். தொழிலாளர் சட்டங்களைத் தமிழில் விளக்கிப் புத்தகம் போட்டார். கடமைகளும் உரிமைகளும் என்ன என்று தனியாக எழுதினார். தொழிலாளர் வாழ்க்கையை நாடகமாகவும் எழுதினார். இன்றைய பாஷையில் சொன்னால் எக்ஸ்ப்ளெய்னர்.

ஹட்டனில் பிறந்த சங்கம்

1931 ஜனவரி. ஹட்டன் நகரம். அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுதான். கொழும்பை விட்டுவிட்டு ஹட்டனில் தலைமையிடம் வைத்ததிலேயே விஷயம் இருக்கிறது. நாலாபுறமும் தோட்டங்கள் சூழ்ந்த ரயில் நிலைய ஊர் அது. தோட்டத்துக்குள் கூட்டம் போட முடியாது. சந்தைக்கு வருகிற ஊரில் போடலாமே.

ஆனால் நேரம் சரியில்லை. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் தேயிலை விலையும் ரப்பர் விலையும் விழுந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1929-ல் போராடிக் கிடைத்த அந்த 54 காசும் குறைக்கப்பட்டது. துரைமார் எதிர்த்தார்கள் என்பதில் ஆச்சரியம் இல்லை. பெரிய கங்காணிகளும் சங்கத்தைக் கடுமையாக எதிர்த்தார்கள். சங்கம் வளர்ந்தால் முதலில் போவது அவர்கள் பிழைப்புதான். சங்கத்தில் சேர்ந்தவன் குடும்பத்துக்குப் பத்துச்சீட்டு என்ற மிரட்டல் பலித்தது. தொடக்கத்தில் இருந்த வேகம் சில வருஷங்களில் அடங்கிப்போனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நடேசய்யர் பிராமணர், படித்தவர், நகரத்துக்காரர். தோட்டத்தில் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். கங்காணியின் பிடி கடனால் மட்டும் வந்ததில்லை, சாதியாலும் வந்தது. வெளியிலிருந்து வந்த ஒருவரின் பத்திரிகையாலும் பேச்சாலும் அந்தப் பிடியைத் தளர்த்த முடிந்தது. லயத்துக்குள்ளேயே தலைவர்களை வளர்க்கும் வேலை அவர் காலத்தில் பாதியில்தான் நின்றது. அவருடைய இயக்கம் அவர் ஒருவரையே அதிகம் நம்பி இருந்தது என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு.

அப்போது கங்காணி, இப்போது?

சிவகிரியிலிருந்தோ சங்கரன்கோவிலிலிருந்தோ இன்று வெளிநாடு போகிறவருக்கு நடேசய்யர் காலத்தில் இல்லாத சில பாதுகாப்புகள் இருக்கின்றன. 1983-ன் குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் உண்மையா என்று இ-மைக்ரேட் தளத்தில் யாரும் செல்போனிலேயே பார்க்கலாம். ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. அதற்கு ரசீது தர வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி தேவை. சென்னையில் அந்த அலுவலகம் இருக்கிறது.

ஆனால் ஊருக்குள் வந்து ஆள் பிடிப்பவர் பெரும்பாலும் பதிவு பெற்ற ஏஜென்ட் இல்லை. அவருடைய ஆள், அந்த ஆளுக்கு ஒரு ஆள். ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கும் சொந்தக்காரர் சொன்னார் என்பதுதான் பலருக்கும் ஒரே ஆதாரம். டூரிஸ்ட் விசாவில் அனுப்பிவிட்டு, போனபிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டிய பணம், முன்பணம் செய்த வேலையையே செய்யும். கடன் தீரும்வரை, என்ன சம்பளம் கொடுத்தாலும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் சம்பளம், வேலை நேரம், ஓவர்டைம், தங்குமிடம், திரும்பி வரும் டிக்கெட் யார் பொறுப்பு என்பதெல்லாம் இருக்கிறதா என்று விமானம் ஏறுமுன் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது, நடேசய்யர் லயம் லயமாகச் சொல்லிவந்த அதே காரியம்தான்.

கடைசிப் பத்தாண்டு

1936-ல் ஹட்டன் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குப் போனார் நடேசய்யர். இந்த முறை தோட்டத் தொழிலாளர்களே வாக்களித்து அனுப்பினார்கள். 1931-ல் இலங்கைக்கு வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்திருந்தது. ஆனால் இந்திய வம்சாவளியினருக்கு மட்டும் நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்று நிரூபிக்க வேண்டிய நிபந்தனைகள். எத்தனை வருஷம் இருந்தாய், இங்கேயே இருப்பாயா என்ற கேள்விகள். இரண்டு தலைமுறையாகத் தேயிலைச் செடிக்குக் கீழே எலும்பைப் புதைத்தவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி அது.

அந்தச் சபைக் காலத்தில் தொழிலாளருக்குச் சாதகமான சட்டங்கள் பல வந்தன. 1935-ல் தொழிற்சங்கச் சட்டம், 1939-ல் பேறுகாலச் சலுகைச் சட்டம், 1941-ல் சம்பளச் சபைகள் சட்டம். எல்லாவற்றுக்கும் நடேசய்யர்தான் காரணம் என்று சொன்னால் அது மிகை. இடதுசாரிகள் இருந்தார்கள், மற்ற உறுப்பினர்கள் இருந்தார்கள். தோட்டத்து நிலைமையை விவரமாகத் தெரிந்து பேசியவர்களில் அவர் முக்கியமானவர்.

1939-ல் நிலைமை வேகமாக மாறியது. இலங்கை அரசு தன் துறைகளில் வேலை பார்த்த இந்திய தினக்கூலிகளை வெளியேற்றத் தொடங்கியது. ஜூலையில் ஜவஹர்லால் நேரு கொழும்பு வந்து பேசிப் பார்த்தார். பலன் இல்லை. ஆகஸ்ட் முதல், சாதாரணக் கூலி வேலைக்கு இலங்கை போவதை இந்திய அரசு தடை செய்தது. நூறு வருஷத்துக்கு மேலாகத் திறந்திருந்த கண்டிச் சீமை வழி அத்தோடு மூடியது.

நேரு வருகையின்போது உருவான இலங்கை இந்தியக் காங்கிரஸ் அடுத்த ஆண்டே தொழிற்சங்கம் தொடங்கியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகமே கொதித்தது. தோட்டத்துக்குத் தோட்டம் சங்கம் முளைத்தது. அந்த அலையில் மேலே வந்தது காங்கிரஸும் இடதுசாரிகளும்தான், நடேசய்யரின் சம்மேளனம் இல்லை. காங்கிரஸோடு அவருக்கு ஒத்துப்போகவும் இல்லை. பத்து வருஷம் முன்பு அவர் தனியாளாக உழுதுபோட்ட நிலத்தில் மற்றவர்கள் அறுவடை செய்தார்கள்.

1947 பொதுத் தேர்தலில் மலையகத்தில் போட்டியிட்டுத் தோற்றார். வென்றது காங்கிரஸ் வேட்பாளர். அதே ஆண்டு நவம்பர் 7-ம் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 60.

அவர் இறந்து மூன்று மாதத்தில் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். இந்தியாவுக்கு என்று ஒதுக்கப்பட்டவர்களில் பலர், தாத்தா வாயில் கேட்ட ஊர்ப் பெயர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கப்பலேறி, மண்டபம் முகாமில் வந்து இறங்கினார்கள்.